உயிருக்குத் துணிந்த விருந்தாளி

கொன்றைநாட்டு ராஜா குமுதவர்மருடைய சபையில் மருதப்பன் என்று ஒரு மந்திரி இருந்தான். மகா கெட்டிக்காரன். இதை ஊர் சொல்கிறதோ இல்லையோ, அவனே தினம் நாலு பேரிடம் சொல்லிவிடுவான்.

வீட்டில் மட்டும் அந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லுபடியாகாது. ஒருநாள் அவன் மனைவி செங்கமலம் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆச்சுங்க. உங்களுக்கும் மூணு பிள்ளைகளுக்கும் போட்டுட்டு நான் உட்காரும்போது எல்லாம் ஆறிப்போய்க் கிடக்கு. நான் சமைக்காத சோறு, ஆவி பறக்க, ஒரே ஒரு வேளை சாப்பிடணும். வேறென்ன கேட்டேன் உங்களை?"

மருதப்பனுக்குச் சுருக்கென்றது. "பூ, இவ்வளவுதானா? மூட்டையைக் கட்டு!" என்றான்.

மலையடிவாரத்தில் தாண்டவராயர் என்பவர் ஒரு விடுதி நடத்திவந்தார். 'அரண்மனை உபசாரம் அப்படியே கிடைக்கும்' என்று ஊர் ஊராகத் தண்டோரா போட்டிருந்தார். ஒருநாள் தங்க ஒரு பசுமாட்டு விலை! மருதப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு மூன்று நாளுக்கு முன்பணம் கட்டிவிட்டான்.

மதியம் இலை போட்டார்கள். நெய் மணம் மூக்கைத் துளைத்தது. சோறும் வந்தது. ஆனால் இவர்கள் இலைக்கு இல்லை. எதிரே ஒரு தடியர் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார், அவர் இலைக்குப் போனது. மனுஷர் ஊதி ஊதிச் சாப்பிட்டார். ரசத்துக்கு இன்னொரு தரம் கையை நீட்டினார். பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார். அப்புறம் விடுதிக்காரர்கள் எல்லோரும் கைகட்டி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரய்யா இவர்?" என்றான் மருதப்பன்.

"முதல் கவளக்காரர்" என்றார் தாண்டவராயர் பெருமையாக. "சாப்பாட்டில் விஷம் இருக்கிறதா என்று பார்ப்பவர். இரண்டு நாழிகை கழித்தும் இவர் உயிரோடு இருந்தால்தான் தங்களுக்குப் பரிமாறுவோம். ராஜாவுக்கு அப்படித்தானே நடக்கிறது!"

"அதற்கு ஒரு வாய் போதாதோ?"

"போதாதுங்க. இலை நிறையத் தின்றால்தான் விஷம் வேலை செய்யும் என்று விதியே இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அரண்மனையில் ஒரு மகா புத்திசாலி மந்திரி எழுதினாராம்."

செங்கமலம் மெல்லத் திரும்பினாள். "யாருங்க அந்த மகா புத்திசாலி?"

மருதப்பன் விட்டத்தைப் பார்த்தான்.

இரண்டு நாழிகையில் குழம்பில் ஏடு கட்டிவிட்டது. கடைக்குட்டி இலையோரத்திலேயே தூங்கிப்போனாள். மறுநாளும் அதே கதைதான். குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட வாயிற்காவலனிடம் மனு கொடுக்க வேண்டியிருந்தது. மருதப்பன் கெஞ்சினான், அதட்டினான், கடைசியில் "அந்த விதியை எழுதினவனே நான்தானய்யா!" என்று மார்தட்டினான்.

"ஐயோ, எழுதின தாங்களே மீறலாமா?" என்று தாண்டவராயர் கும்பிட்டார்.

செங்கமலம் சண்டையாவது போட்டிருக்கலாம். ஆறின சோற்றைப் பிசைந்துகொண்டே, "விடுங்க, எனக்குப் பழக்கம்தானே" என்றாள். அதைக் கேட்டு மருதப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற வாய்க்குப் பெண்டாட்டிக்கு ஒரு பிடி சுடுசோறு வாங்கித்தர வக்கில்லையே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

மூன்றாம் நாள் மதியம்தான் கடைசி வேளை. பந்திக்கு வந்ததும் மருதப்பன் கேட்டான்: "தாண்டவராயரே, விதிப்படி யார் முதல் கவளக்காரர் ஆகலாம்?"

"உயிருக்குத் துணிந்த எவரும் ஆகலாம்."

"நான் துணிந்துவிட்டேன். என் மனைவியும் துணிந்துவிட்டாள். பிள்ளைகளே, நீங்கள்?"

"துணிஞ்சுட்டோம்!" என்று மூன்று வாயும் ஒரே நேரத்தில் கத்தின.

தாண்டவராயர் திருதிருவென்று விழித்தார். "அப்படியானால் விருந்தாளி யார்?"

"இதோ!" மருதப்பன் தடியரைக் கையைப் பிடித்து எழுப்பி விருந்தாளி மணையில் உட்காரவைத்தான். குடும்பத்தோடு எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தான்.

தாண்டவராயரும் விதியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு குற்றமும் அகப்படவில்லை. சோறு வந்தது, ஆவி பறக்க! செங்கமலம் முதல் வாயிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டு, "ஸ்ஸ்... அம்மாடி, சுடுதுங்க!" என்று சிரித்தாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே தடியர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "ரெண்டு நாழிகை ஆச்சா, ஆச்சா?" என்று அரற்றிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் இந்தக் கதையை மருதப்பன் சபையில் நடித்தே காட்டினான். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"இரு, இரு. அப்படியானால் பன்னிரண்டு வருஷமாக எனக்கு..."

மருதப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"பொங்கல் என்றாலே செங்கல் மாதிரிதான் இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்! பாவி!"

"மகாராஜா, அந்த விதியை இப்போதே அடுப்பில் போட்டுவிடுகிறேன்!"

"சேச்சே, நல்ல விதியாயிற்றே. உயிருக்குத் துணிந்த எவரும் ஆகலாம், அப்படித்தானே?"

"ஆ... ஆமாம்."

"நான் துணிந்துவிட்டேன். இன்றிலிருந்து நான் முதல் கவளக்காரன், நீ விருந்தாளி."

"மகாராஜா, அடியேனுக்கு விஷம் வைக்க எவன் மெனக்கெடுவான்? அந்த விஷத்துக்கே கேவலம்!"

"அப்படிச் சொல்லாதே, மருதப்பா. உன்னை மாதிரி மகா புத்திசாலி போய்விட்டால் நாடு என்ன ஆவது?" ராஜா எழுந்து அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டார். "இப்படிப் பக்கத்தில் வந்து உட்கார். நான் சாப்பிட்டு ரெண்டு நாழிகை ஆகட்டும். செத்துப்போகாமல் இருந்தால் உனக்கும் சோறு போடச் சொல்கிறேன்!"