தரைக்கு வைத்த ரசம்

மூளை என்று ஒன்று அந்த வீட்டில் ஒரே ஆளுக்குத்தான் இருந்தது. அந்த ஆளும் இப்போது கால் உடைந்து கட்டிலில் கிடந்தாள்.

பேர் மாரிக்கனி. ஸ்டூல் ஆடுகிறது, சரி பண்ணுங்கள் என்று வீட்டு ஆண்களிடம் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. புருஷன் இசக்கியும், கொழுந்தன்மார் சுடலையும் பேச்சிமுத்துவும் ஸ்டூலைச் சுற்றி உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். ஒரு கால் மட்டும் குட்டை என்று கண்டுபிடித்தார்கள். தொல்லை கொடுக்கிற அந்தக் காலையே அறுத்து எறிந்துவிட்டார்கள். மறுநாள் பரணில் சட்டி எடுக்க ஏறினது மாரிக்கனி.

அவள் கிடந்த நாளிலிருந்து வீடு நாறிப்போச்சு. வீட்டு ஓனர் அருணாசலம் அண்ணாச்சி வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாயங்காலம் வருவேன். வீடு இதே கோலத்துல இருந்தா இன்னைக்கே காலி பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலி பண்ணினால் போக இடமில்லை. ஊரில் வீடு வைத்திருக்கிற எல்லாரும் இந்த மூன்று பேருக்கும் ஏற்கெனவே ஒருமுறை வீடு கொடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

மாரிக்கனி கட்டிலில் இருந்தே கத்தினாள்: "கடை மருந்து ஒண்ணும் வாங்காதீங்க! உங்க கையில ஆசிட்டக் குடுத்தா வீடே மிஞ்சாது. அடுக்களையில இருக்கத வச்சே செய்ங்க. பாத்திரத்துக்குச் சாம்பல். தரைக்குப் புளித்தண்ணியில உப்பும் மஞ்சளும் போட்டு, சூடு பண்ணி ஊத்தித் தேய்ங்க. பிசுக்கு போயிரும்."

"சரி மதினி" என்றான் சுடலை. அவன் சரி என்று சொன்னதும் அவள் கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முதல் சிக்கல் சாம்பல். அது கேஸ் அடுப்பு. சாம்பலுக்கு எங்கே போக?

"எதையாச்சும் எரிக்கணும்" என்றான் இசக்கி.

"கண்டதை எரிச்சா கண்ட சாம்பல்தான வரும், அண்ணே? வீடு பெருக்குற வாரியல எரிப்போம். வருஷக்கணக்கா சுத்தம் பண்ணின சாமான். அதோட சாம்பல்ல சுத்தம் ஊறிப்போயி இருக்கும்லா."

மற்ற இருவரும் சுடலையின் அறிவை மெச்சி அவன் முதுகில் தட்டினார்கள். பிறகு வீட்டில் இருந்த ஒரே வாரியலை முற்றத்தில் வைத்துக் கொளுத்தினார்கள். ஒரு பிடி சாம்பல் கிடைத்தது. அதை வைத்து ஒரு கரண்டியைத் தேய்த்தார்கள். பளபளத்தது. ஆனால் வீடு பெருக்க இனி ஒன்றும் இல்லை.

அடுத்து தரை. புளியைக் கரைத்து, உப்பும் மஞ்சளும் போட்டு அடுப்பில் ஏற்றினார்கள். பேச்சிமுத்து ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"அண்ணே, இது பாதி ரசம்."

"பாதி ரசத்தையா வீட்டு ஓனர் நடக்குற தரையில ஊத்துறது? மரியாதைன்னு ஒண்ணு வேண்டாமால?" என்றான் இசக்கி.

மிளகும் சீரகமும் தட்டிப் போட்டார்கள். தக்காளியைப் பிசைந்தார்கள். பெருங்காயத்தில்தான் சண்டை வந்தது. தரைக்குப் பெருங்காயம் வாயுவைப் போக்குமா என்று சுடலை கேட்டான். "தரைக்கு ஏதுல வாயு?" என்றான் பேச்சிமுத்து. "பின்ன வீடு ஏன் நாறுது?" என்றான் சுடலை. பெருங்காயத்தைக் கட்டியோடு போட்டார்கள்.

உள்ளே மாரிக்கனிக்கு வாசம் வந்தது. "யாருல ரசம் வைக்கது?"

"நமக்கில்ல மதினி. தரைக்கு."

அவள் வேண்டாம் என்று கத்துவதற்குள் கடுகு வெடித்தது. தாளித்துக் கொட்டி, அண்டா ரசம் மொத்தத்தையும் கூடத்தில் ஊற்றிவிட்டார்கள். கறிவேப்பிலை கட்டிலுக்கடியில் மிதந்து வந்து நின்றது. அதைப் பார்த்து அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. போனது கால் இல்லாமல் கண்ணாக இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

"துணிய வச்சுத் துடைச்சுத் தொலைங்க!"

"துணி எவ்வளவு இழுக்கும்?" என்றான் இசக்கி யோசனையாக. "ரசத்த இழுக்கதுக்குன்னே உலகத்துல ஒண்ணு இருக்கு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "சோறு!"

மாசத்து ரேஷன் அரிசி மொத்தமும் வெந்தது. குழையக் குழையக் கூடம் முழுக்கப் பரப்பினார்கள். சோறு ரசத்தை இழுத்தது, உண்மைதான். அதற்கு முன்னால் கூடத்தில் நடக்கவாவது முடிந்தது.

அப்போதுதான் அண்ணாச்சி வந்தார். வாசலில் நின்று பார்த்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எங்கலே கால வைக்கது?"

இசக்கிக்கு வெட்கமாகப் போய்விட்டது. வந்தவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டோமே! புறவாசலுக்கு ஓடிப்போய் ஒரு தலைவாழை இலையை அறுத்துவந்து, அவர் காலடியில் சோற்றின்மேல் விரித்தான். முறை தெரிந்த சுடலை இலைமேல் தண்ணீரும் தெளித்தான்.

"வாங்க அண்ணாச்சி, இலையில வைங்க."

ஆத்திரத்தில் கண் தெரியாமல் அவர் காலை வைத்தார். இலை கிளம்பியது. அண்ணாச்சியும் அதன்மேல் உட்கார்ந்தபடி கூடம் முழுக்கச் சறுக்கி, உள்ளறைக் கதவைத் தாண்டி, மாரிக்கனி கட்டிலின் காலில் மோதி நின்றார். மடேர் என்று ஒரு சத்தம். அது கட்டில் இல்லை.

மாரிக்கனி எட்டிப் பார்த்தாள். அவர் முழங்கால் வீங்குகிற விதம் அவளுக்குப் பழக்கமானது. இந்த மனுஷன் இன்னும் பல வாரத்துக்கு இங்கிருந்து அசைய மாட்டார். காலி பண்ணச் சொல்ல வந்தவரே இங்கே தங்கப்போகிறார். வீடு தப்பித்தது. சந்தோஷப்படவா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பாத்தியா மதினி?" என்று சுடலை பெருமையாக எட்டிப் பார்த்தான். "தரை எப்படி வழுவழுன்னு ஆயிருச்சு!"

அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். அவருக்குக் கீழே இலை லேசாக மடங்கியது.

கூடத்திலிருந்து இசக்கி பதறிக்கொண்டு ஓடிவந்தான். கையில் ஒரு குடம்.

"அண்ணாச்சி, அண்ணாச்சி! அதுக்குள்ள இலைய மடக்காதீங்க! தரைக்கு இன்னும் மோர் ஊத்தல!"