லாரிக்காரன் வெச்ச தக்காளிச் செடி

ஒரு ஊர்ல ஒரு லாரிக்காரன். பேரு செங்கோடன். ஊரு நாமக்கல்லு. ம் கொட்டிட்டே வரணும் கண்ணு, நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்.

அவன் முட்டை லோடு ஏத்திக்கிட்டு டுர்ர்ர்ருனு கிளம்பினான்னா அஸ்ஸாம் வரைக்கும் போவான். அம்மா செத்தப்புறம் வீட்டுல வேற ஆளு கிடையாது. திரும்பி வந்து பூட்டைத் தொறந்தா குப்புனு தூசி வாசம்தான் அடிக்கும். ஒரு உசுராவது வீட்டுல இருக்கணும்னு அவனுக்கு ஆசை. நாய் வளத்தா பட்டினி கெடக்கும். பொண்ணு கேட்டுப் போனா, லாரிக்காரனானு மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. அப்போ மொட்டைமாடியில ஒரு தக்காளிச் செடி வெச்சான். போயிட்டு வந்து தொட்டுப் பாத்தா, சரக்குனு ஒடிஞ்சுது.

ம்...

அப்புறம் இன்னொண்ணு வெச்சு, பக்கத்து வீட்டுப் பாப்பாயிக்காகிட்ட தண்ணி ஊத்தச் சொல்லிட்டுப் போனான். நல்லவதான், ஆனா பாசம் ஜாஸ்தி. காலையில ஒரு குடம், சாயந்தரம் ஒரு குடம், சளசளனு ஊத்தினா. வேர் அழுகிப்போச்சு. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுனு சும்மாவா சொன்னாங்க? அவ அழுத அழுகைக்கு இவன் சமாதானம் சொல்ல வேண்டியதாப் போச்சு.

அப்புறம் யோசிச்சு, காலி பெயிண்ட் வாளி ரெண்டு வாங்கியாந்தான். கீழ் வாளியில தண்ணி, உள்ள ஒரு செங்கல். செங்கல் மேல இன்னொரு வாளி, அதுல மண்ணும் செடியும். மேல் வாளியோட அடியில ஓட்டை போட்டு ஒரு கயித்தை விட்டான். ஒரு முனை மண்ணுல, ஒரு முனை தண்ணியில. கயிறு உறிஞ்சிக் குடுக்கும், செடி வேணுங்கறப்போ குடிச்சுக்கும். யோசனை என்னமோ சரிதான். ஆனா லாரிக்காரன் கைக்கு எந்தக் கயிறு வரும்? தார்ப்பாய் கட்டற நைலான் கயிறு! அது எங்க தண்ணி குடிக்கும்? போயிட்டு வந்து பாத்தா கீழ தண்ணி தளும்புது, மேல செடி காஞ்சு நிக்குது.

செங்கோடனுக்கு மனசு விட்டுப்போச்சு. இந்தக் கைக்கு எதுவும் வளராதுனு வாளியைக் கவுத்துட்டான்.

முழிச்சிருக்கியா? ம்... சரி.

அப்போ ஒரு நாள் குளிக்கப் போனவன், தோள்ல கெடந்த துண்டைக் குளிக்கற வாளி விளிம்புல போட்டான். ஒரு முனை தண்ணிக்குள்ள விழுந்துச்சு. தலைக்கு எண்ணெய் தேச்சு முடிக்கறதுக்குள்ள, வெளிய தொங்கின முனையும் நனைஞ்சு சொட்டு... சொட்டு... நல்ல பருத்தித் துண்டு. குளிக்காமலே மாடிக்கு ஓடி, பர்ர்ருனு கிழிச்சு, கயிறு இருந்த இடத்துல துண்டை நுழைச்சான். கீழ் வாளிக்குத் தண்ணி ஊத்த ஓரமா ஒரு குழாய் சொருகினான். கூடிப்போனா வழியறதுக்குக் கீழ் வாளியில ஒரு ஓட்டை. புது நாத்து ஒண்ணு வெச்சு, அது காய் புடிச்சதும், பாப்பாயிக்காவைக் கும்பிட்டு, கைய மட்டும் வெச்சுராதக்கான்னு சொல்லிட்டு லோடு எடுத்தான்.

அப்புறம் பாரு, போன இடத்துல பேய்மழை. மலை சரிஞ்சு ரோட்டை மூடிக்கிச்சு. லாரியெல்லாம் எறும்பாட்டம் வரிசை கட்டி நிக்குது. முட்டையை நினைச்சு முதலாளிக்குக் கவலை. வாளித் தண்ணி தீந்திருக்குமேனு இவனுக்குச் சோறே எறங்கலை.

ஒருவழியா ஊர் வந்து சேந்தவன், மாடிப்படிகிட்டயே நின்னுட்டான். ஏறப் பயம். அப்போ பாப்பாயிக்கா வந்து, "போய்ப் பாரு செங்கோடா. நான் தொடவே இல்ல"ன்னா.

ஏறினான். டொக்... டொக்... டொக்...

செடி நின்னுட்டிருந்துச்சு கண்ணு. இலை லேசாத் தொங்குது, ஆனா பச்சை. நடுவுல ரெண்டு பழம், செக்கச்செவேல்னு. கீழ் வாளியில ஒரு சொட்டு இல்ல. துண்டு மட்டும் இன்னும் ஈரமா இருக்கு.

தான் குடிக்க வெச்சிருந்த பாட்டில் தண்ணியக் குழாயில ஊத்தினான். குளுக் குளுக் குளுக். பக்கத்துல உக்காந்து, மெதுவா, "வந்துட்டேன்"ன்னான். அம்மா போனதுல இருந்து அந்த வார்த்தையச் சொல்ல அவனுக்கு ஆள் இல்லாம இருந்துச்சு.

ம்...? சத்தத்தையே காணோம். சரி, லாரி வீடு வந்துருச்சு, கதையும் எறங்கிருச்சு. தூங்கு கண்ணு.