மச்சான் பிடிக்கும் கயிறு

வெண்மணல்துறை என்று ஒரு பட்டினம் இருந்தது. எந்த வரைபடத்தில் என்று தேடாதீர்கள். கதை சொல்கிறவனுக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும். அந்தப் பட்டினத்து ஆண்களில் பாதிப்பேர் கடல் கடந்துதான் பிழைத்தார்கள். ஒரு நாட்டில் முத்துக் குளித்தார்கள், இன்னொரு நாட்டில் மதில் கட்டினார்கள், வேறொரு நாட்டில் துடுப்புப் போட்டார்கள்.

போனவர்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதவும், அந்த நாட்டு அரசர்களோடு அவர்களுக்காகப் பேசவும் அரசன் ஓர் அலுவலகம் வைத்திருந்தான். அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊர்க்காரர்கள் தூதுவீடு என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள்.

தூதுவீட்டின் தலைவி வடிவம்மை. வயது நாற்பதைத் தொட்டிருக்கும். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஆனால் அவர் "யோசிச்சுச் சொல்றேன்" என்றால் அயல்நாட்டு அமைச்சர்களுக்குத் தூக்கம் போய்விடும் என்று பேச்சு.

அவரிடம் சீடராக வந்தவர் தேவநம்பி. சீடர் என்றதும் அரும்பு மீசையை நினைத்துக்கொள்ள வேண்டாம். நம்பிக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. தாடி முழுக்க வெளுத்திருந்தது. ஏழு மொழி தெரியும். எந்தக் கடலில் என்ன கூலி, எந்த வேலைக்கு என்ன நோய் என்று நூல் நூலாக எழுதித் தள்ளியவர். "சில ஆண்டுகளில் வடிவம்மையை அரசவைக்கு அழைத்துக்கொள்வேன். அவருக்குப் பிறகு நீர்தான். அதுவரை அவர் பக்கத்தில் இரும்" என்று அரசனே அனுப்பிவைத்தான்.

வந்த அன்றே நம்பி கேட்டார்.

"அம்மா, இந்த வீட்டை எப்படி நடத்தணும்? சொல்லித் தாங்க."

தன்னைவிட மூத்தவர் என்பதால் வடிவம்மை அவரை அண்ணாச்சி என்று அழைத்தார்.

"ஒருநாள் கடலுக்குப் போவோம் அண்ணாச்சி. அங்க வச்சுச் சொல்றேன்."

"இன்னைக்கே போகலாமே."

"இன்னைக்கு அலை அதிகமா இருக்கு."

நம்பி சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கடல் குளத்துத் தண்ணீர் போலப் படுத்துக் கிடந்தது.

மூன்று ஆண்டுகள் இப்படியே போயின. நம்பி கேட்பதை விடவில்லை. வடிவம்மைக்கு அலையும் அடங்கவில்லை.

அப்போதுதான் பவளத்தீவிலிருந்து சாமந்தர் என்ற தூதர் வந்து இறங்கினார். தீவின் கடலில் புதிய முத்துப்படுகை கண்டிருக்கிறார்கள், குளிப்பதற்கு நானூறு பேர் வேண்டும் என்றார்.

"இதை நீங்களே பேசுங்க அண்ணாச்சி," என்று வடிவம்மை ஒதுங்கிக்கொண்டார்.

நம்பி பேசினார். என்னமாய்ப் பேசினார்! இரண்டு மடங்கு கூலி வாங்கினார். பனிக்காற்று வீசும் மாதங்களில் யாரும் கடலில் இறங்க வேண்டாம் என்று எழுதி வாங்கினார். ஊர் திரும்ப நினைப்பவனுக்கு அடுத்த கப்பலிலேயே இடம். படகுக்கு ஒரு வைத்தியர். அந்த வைத்தியருக்காக மட்டும் அரை மாதம் விடாமல் வாதாடினார். தூதர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மூழ்குபவர் உங்கள் ஆள். கயிறு பிடிப்பவர் எங்கள் ஆள்."

முத்துக் குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனையைப் படகில் ஒருவர் பிடித்திருப்பார். மூச்சு முடியப் போகிறது என்றால் கீழே இருப்பவன் கயிற்றை அசைப்பான், மேலே இருப்பவர் இழுப்பார். வெண்மணல்துறையில் அந்தக் கயிற்றை மனைவியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். மச்சான் இல்லாதவன் குளிக்கப் போவதில்லை. ஏன் என்று கேட்டால், வழக்கம் என்பார்கள்.

நம்பிக்குத் தயக்கமே வரவில்லை. அவருடைய நூலே அவருக்குத் துணை நின்றது. தீவின் ஆட்கள் பலசாலிகள், பழகிய கை. அவர்கள் கயிறு பிடித்தால் பை நிறையச் சிப்பி வருகிறது. நம்மூர் மச்சான்களைப் பற்றியும் அதே நூலில் எழுதியிருந்தார்: 'இவர்கள் பெரும்பாலும் கயிற்றை முன்னதாகவே இழுத்துவிடுகிறார்கள். பை பாதிதான் நிறைகிறது. காரணம் தெரியவில்லை.'

ஆகவே கேட்டதைக் கொடுத்துவிட்டார். மறுநாள் முத்திரை வைப்பதாக ஏற்பாடு. முத்திரை விழுந்துவிட்டால் ஓர் எழுத்தும் மாற்ற முடியாது. அடுத்த பருவக்காற்றில் நானூறு பேரும் கப்பல் ஏறிவிடுவார்கள்.

வடிவம்மை ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"நான் பேசியிருந்தா இதுல பாதிகூட வாங்கியிருக்க மாட்டேன் அண்ணாச்சி."

நம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மூன்று ஆண்டுகள் காத்திருந்தார் என்றும் சொல்லலாம்.

"கயிறு பத்தின அந்த ஒரு வரி..." என்று அவரே ஆரம்பித்தார். "சின்ன விஷயம். பெரிசா வாங்கினதுக்குப் பதிலா விட்டுக்கொடுத்தேன். தப்பில்லையே?"

வடிவம்மை எழுந்து சன்னலருகே போனார். வெளியே காற்று ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. கரையில் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன.

"இன்னைக்கு அலையே இல்ல அண்ணாச்சி. கடலுக்குப் போவமா?"

இந்த ஊர்க் கடலைப் பார்க்கிற ஆசையில் தூதர் சாமந்தரும் கூட வந்தார்.

கரையில் வடிவம்மையின் கணவன் தளவாய் படகோடு நின்றான். அவன் முத்துக் குளிப்பவன். மனைவி அரசர்களோடு பேசுகிறவள் என்பதில் அவனுக்குப் பெருமை உண்டு. அவள் வீடு திரும்புவதற்குள் சோறு ஆறிப்போவதில் வருத்தமும் உண்டு. தினமும் அவன் கயிற்றைப் பிடிப்பது வடிவம்மையின் தம்பி.

"உன் தம்பி வெளியூர்ல இருக்கானே. இன்னைக்கு யாரு பிடிக்கிறது?" என்று கேட்டான் தளவாய்.

"அண்ணாச்சி பிடிப்பாக."

தளவாய் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு நம்பியின் கைகளைப் பார்த்தான். எழுத்தாணிக்கு மேல் கனமாக எதையும் தூக்காத கைகள். படகைத் தள்ளினான்.

ஊரின் முத்துப்படுகைக்கு மேலே வந்தபோது கடல் கொஞ்சம் அடங்கியிருந்தது. தளவாய் இடுப்பில் கயிற்றைக் கட்டி, பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். கயிற்றின் மறுமுனையை நம்பியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான்.

"பாத்துப் பிடிங்க மச்சான்."

நம்பிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவர். மணமும் செய்துகொள்ளவில்லை. ஏழு மொழியிலும் அவரை மச்சான் என்று யாரும் அழைத்ததில்லை.

"அம்மா, எனக்கு இந்த வேலை தெரியாதே."

"அவரு அசைப்பாரு. அசைச்சா இழுங்க."

"அசைக்கலைன்னா?"

அதற்குள் தளவாய் மூச்சை இழுத்துப் பிடித்து, மூழ்குவதற்கான பாரக்கல்லின் மேல் கால் வைத்துக் கீழே போய்விட்டான்.

கயிறு கைக்குள் உரசிக்கொண்டு ஓடியது. பிறகு நின்றது. அவன் இறங்கிய இடத்தைத் தண்ணீர் மூடிக்கொண்டது. அங்கே ஒருவன் இருந்தான் என்பதற்கு அடையாளமே இல்லை.

"எங்கள் ஆட்கள் வெற்றிலை மென்றபடியே இதைச் செய்வார்கள்," என்றார் சாமந்தர், நல்ல மனதோடுதான்.

நம்பிக்கு அது காதில் விழவில்லை. தானும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அவருக்கே தெரியவில்லை. நெஞ்சு வெடிப்பது போலாகி, வாயைத் திறந்து காற்றை வாங்கினார். கீழே இருப்பவன் வாங்கவில்லை. மறுபடியும் அடக்கினார், மறுபடியும் வாங்கினார். கீழே இருப்பவன் இன்னும் வாங்கவில்லை.

ஒரு மனிதனால் எவ்வளவு நேரம் அடியில் இருக்க முடியும் என்று அவரே எழுதியிருக்கிறார். பல கடல்களில் அளந்து எழுதியது. இப்போது அந்த நேரம் முடிந்துவிட்டதா, இன்னும் பாதி இருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

கயிறு லேசாக நடுங்கியது. அலையா? ஆளா? விரலில் உயிரை வைத்துக் கவனித்தார். மீண்டும் நடுங்கியது. அலைதான். இல்லை, ஆள். அவருக்குத் தெரியவில்லை.

உதவிக்கு வடிவம்மையைத் திரும்பிப் பார்த்தார்.

வடிவம்மை தண்ணீரைப் பார்க்கவில்லை. நம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை, பயமில்லை, கேள்வியும் இல்லை. கூடப்பிறந்தவனைப் பார்ப்பதுபோல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கயிறு வெறுமனே வந்தால் இந்த முகத்தோடுதான் இதே படகில் கரைக்குப் போக வேண்டும். நம்பிக்கு அது விளங்கியபோது கடல் மறைந்துபோயிற்று, தூதர் மறைந்துபோனார், நாளைய முத்திரை மறைந்துபோயிற்று. இரண்டு கைகளும், அந்தக் கைகளுக்குள் ஓர் ஆளும் மட்டும் இருந்தார்கள். அவருக்கு அழுகை வந்தது. பயத்தால் மட்டும் வந்ததல்ல. சன்னதியில் திரை விலகும்போது வருமே, அந்த அழுகை. எத்தனை கடல்களைப் பார்த்திருக்கிறார், எத்தனை படகுகளில் ஏறி இறங்கியிருக்கிறார். அங்கெல்லாம் சிப்பியைத்தான் எண்ணியிருந்தார்.

இழுத்தார்.

மண்டியிட்டு, உள்ளங்கைத் தோல் உரிய, வாய்விட்டு என்னவோ கத்திக்கொண்டு இழுத்தார். ஏழு மொழியில் அது எந்த மொழி என்று பிறகு அவராலேயே சொல்ல முடியவில்லை.

தண்ணீரைப் பிளந்துகொண்டு தளவாயின் தலை வந்தது. படகின் விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கினான். வாங்கி முடித்ததும் சிரித்தான்.

"என்ன மச்சான், நான் அசைக்கவே இல்லையே! இப்பதான் நல்ல இடமாப் பாத்துக் கைய வச்சேன், அதுக்குள்ள இழுத்துட்டீகளே!"

பையைக் கவிழ்த்தான். பாதிகூட நிறையவில்லை.

"என் மச்சானும் நெதம் இதே வேலைதான் பண்றான். வைஞ்சு வைஞ்சு என் வாய் வலிச்சதுதான் மிச்சம்," என்று மனைவியிடம் முறையிட்டான்.

நம்பிக்குத் தன் நூலின் அந்த வரி கண்முன் வந்து நின்றது. காரணம் தெரியவில்லை என்று எழுதிய கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமந்தர் சிரித்துவிட்டார்.

"பார்த்தீர்களா நம்பி அவர்களே? நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. எங்கள் ஆள் இப்படி அவசரப்பட்டு இழுத்திருக்க மாட்டார்."

"ஆமாய்யா," என்றார் வடிவம்மை. "இழுத்திருக்க மாட்டார்."

சிரித்த வாயை மூட சாமந்தருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் கெட்டவர் இல்லை. தண்ணீரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து சற்று உள்ளே நகர்ந்துகொண்டார்.

நம்பிதான் பேசினார். குரல் கரகரத்தது.

"சாமந்தரே, கயிறு பத்தின அந்த வரி வேண்டாம். மச்சான்களும் வருவாங்க."

"அப்படியானால் எண்ணூறு பேருக்குச் சோறு போட வேண்டும். சிப்பியும் பாதிதான் வரும். இரண்டு மடங்கு கூலி இயலாது. ஒன்றரைதான்."

"சரி."

வைத்தியருக்காக அரை மாதம் வாதாடிய மனிதர் ஒரே சொல்லில் முடித்துவிட்டதைக் கண்டு தூதரே திகைத்துப்போனார்.

"வைத்தியர்?" என்று கேட்டார் நம்பி.

"வைத்தியர் இருப்பார்," என்றார் சாமந்தர் மெதுவாக.

படகு கரைக்குத் திரும்பியது. காற்று தணிந்திருந்தது. கொஞ்ச தூரம் வந்ததும் வடிவம்மை கேட்டார்.

"மூணு வருசமா என்கிட்ட ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்தீகளே அண்ணாச்சி. என்ன அது?"

நம்பி குனிந்து தன் கைகளைப் பார்த்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்த தளவாய் அப்போதுதான் கவனித்தான். கயிறு இன்னும் நம்பியின் கையில் இருந்தது. அதன் மேல் ரத்தம் கசிந்து உலர்ந்திருந்தது.

"மச்சான், நான்தான் மேல வந்துட்டேனே. கயித்த விடுங்க."

நம்பி விடப் பார்த்தார். விரல்கள் பிரியவில்லை. தளவாய் குனிந்து அவற்றைப் பிரித்துவிடக் கையை நீட்டினான்.

வடிவம்மை அவன் கையைத் தடுத்தார்.

"இருக்கட்டும். இன்னும் நானூறு பேர் இறங்கணும்."