எந்த அறுபது?

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் நம்மைப்போல வாய்ப்பேச்சு இருந்தது. கூடு கட்டும் வேலைக்கு அளவும் இருந்தது.

ஒரு பெரிய ஆறு. கிழக்குக் கரை முழுக்க வயல், மேற்குக் கரை முழுக்க மழையை நம்பி விதைக்கும் மானாவாரிக் காடு. வயல்கரைத் தூக்கணாங்குருவிகள் நெல் தின்றன, நெல்லாலேயே அளந்தன. காட்டுக்கரைக் குருவிகள் கம்பு தின்றன, கம்பாலேயே அளந்தன. ஒரு மணியை மூக்கில் கவ்விக்கொண்டு, நாரின்மேல் நீளவாக்கில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து எண்ண வேண்டியதுதான். ஒரு நெல் நீளத்துக்கு ஏறக்குறைய இரண்டரைக் கம்பு வரும். அவரவர் கரைக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவரை இதனால் ஒரு தொல்லையும் இல்லை.

காட்டுக்கரை மஞ்சான் ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்தவன், எதிர்க்கரைப் பாவாயியைப் பார்த்தான். அத்தோடு அவனுக்குக் கம்பு இறங்கவில்லை. இரண்டு கரையிலும் பேசிப் பேசி, கடைசியில் கல்யாணம் நடந்தது. ஆற்றின் நடுத்திட்டில் தண்ணீர்மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் குடியேறினார்கள்.

முதல் நார் கிழித்த அன்றைக்கே பேச்சு வந்துவிட்டது.

"ஏனுங்க, நெல்லுல அளந்து கட்டுங்க. எங்கூர்ல அப்படித்தான்" என்றாள் பாவாயி.

"நெல்லா? ஒன்னு குண்டா இருக்கும், ஒன்னு சன்னமா இருக்கும். கம்புன்னா கணக்கா நிக்கும் புள்ள."

"கம்பு வெச்சு எண்ணிட்டிருந்தீங்கன்னா கூடு முடியறதுக்குள்ள நான் கெழவி ஆயிருவேன்."

"ஆனா ஆயிட்டுப் போ. அப்பவும் நாந்தானே பக்கத்துல இருப்பேன்?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு யார் சண்டை போடுவார்கள்? சமாதானமாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். உள்வேலைக்கு அவள் நெல், வெளிவேலைக்கு அவன் கம்பு. நாமும் இன்றைக்கு ஜன்னலை அடியில் சொல்லிவிட்டு, அதே ஜன்னலுக்குத் திரைத்துணியை மீட்டரில் கேட்கிறோமே, அப்படி.

முட்டை வைக்கும் அறையை மஞ்சான் நெல்லால் அளந்து முடித்தான். கிளையில் கட்டும் கழுத்தைக் கம்பால் அளந்து முடித்தான். எல்லாம் கச்சிதமாக வந்தது. பாவாயி மூன்று முட்டை இட்டு, பஞ்சு பரப்பி, மேலே உட்கார்ந்துகொண்டாள். மிச்சம் இருந்தது கீழே தொங்கும் வாசல் குழல் மட்டும்தான்.

"குழல் எத்தன புள்ள?"

"அறுபதுங்க. எங்கம்மா வீட்டு அளவு அது. காக்கா தலைகீழாத் தொங்கினாலும் அதுக்கு மூக்கு எட்டாது."

"அறுபது. ஆகட்டும்!"

குழல் உள்வேலையா, வெளிவேலையா? அதை அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. என் குஞ்சுகள் நடந்து வரப்போகிற வழி, அது வீட்டுக்கு உள்தானே என்பது அவள் நினைப்பு. வெளியே தொங்குவது வெளிதானே என்பது அவன் நினைப்பு. மஞ்சான் கம்பை எடுத்தான்.

முட்டை ஆறிவிடும் என்று பாவாயி எழுந்து வந்து பார்க்கவில்லை. உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"எத்தன ஆச்சுங்க?"

"நாப்பது!"

"இப்ப?"

"அம்பத்தஞ்சு. பறக்காத, ஒழுங்கா உக்காரு!"

"நான் எங்க பறந்தேன்? உக்காந்து காலு மரத்துப் போச்சு."

"அறுபது! முடிஞ்சுது புள்ள!"

உள்ளே அவள் நிம்மதியாக இறகைத் தளர்த்தினாள். வெளியே அவன் தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டான். பிறகு, வயல்கரையில் கிடைக்கும் பச்சைப்புழு என்றால் அவளுக்கு உயிர் என்று ஞாபகம் வந்து, பரிசாக ஒன்று கொண்டுவரப் பறந்து போனான்.

அந்த நேரம் பார்த்து அண்டங்காக்கை ஒன்று வந்தது. ஈச்சமட்டையில் உட்கார்ந்து கூட்டைச் சுற்றிப் பார்த்தது.

"யாரு வீடு இது? வாசல இத்தன குட்டையா வெச்சிருக்கீங்க, விருந்துக்குக் கூப்புட்ட மாதிரியில்ல இருக்குது!"

பாவாயிக்குப் புரியவில்லை. அறுபது இருக்கிறதே என்று நினைத்தாள். காக்கை குழலைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியது. கரிய மூக்கு நேரே அறைக்குள் வந்தது. அவள் கொத்தினாள், சிறகால் அடித்தாள், கத்தினாள். ஒரு முட்டை காக்கையின் வாய்க்குள் போனது. இழுபறியில் மற்ற இரண்டும் குழல் வழியே உருண்டு ஆற்றில் விழுந்தன.

மஞ்சான் புழுவோடு வந்தபோது பாவாயி மட்டையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயிலிருந்த புழு நழுவி விழுந்தது.

"அறுபது எண்ணுனேனே புள்ள... ஒன்னுகூடக் கொறையலையே..."

அவள் பறந்து போய் ஒரு நெல்லை எடுத்து வந்து, குழலின் பக்கத்தில் வைத்து எண்ணினாள். இருபத்து நான்கில் குழல் முடிந்துபோனது. நெல்லை அப்படியே மட்டையில் வைத்துவிட்டு, "நாஞ் சொல்லியிருக்கோணும். நீங்க கேட்டிருக்கோணும்" என்றாள். அவ்வளவுதான். ஆற்றைத் தாண்டித் தன் கரைக்குப் போய்விட்டாள்.

மஞ்சான் அந்த நெல்லைத் தின்னவில்லை. இறகுக்கடியில் வைத்துக்கொண்டான். காலையில் எழுந்தால் கிழக்கே பார்ப்பான், சாயங்காலம் அடையும்போதும் கிழக்கேதான் பார்ப்பான். வயலிலிருந்து கூட்டமாகக் குருவிகள் எழும்பினால் ஒவ்வொன்றாகப் பார்ப்பான். எல்லாம் தவிட்டு நிறம், எல்லாம் அவளைப்போலவே இருந்தன, எதுவும் அவளாக இல்லை.

அடுத்த மழைக்காலம் வந்தது. மஞ்சான் மறுபடி நார் கிழித்தான். ஆனால் இந்த முறை பாதிக் கூட்டோடு நிறுத்தினான். அடியை மூடவில்லை. அவள் வந்து உட்காரக் குறுக்கே ஒரு கயிறு பின்னினான். ஆற்றோரத்து ஈரக் களிமண்ணை மூக்கில் அள்ளி வந்து உள்சுவரில் அப்பி, அதில் அந்த நெல்லையும் ஒரு கம்பையும் பக்கத்தில் பக்கத்தில் பதித்தான். இரண்டும் தெரியட்டும், எது வேண்டுமோ அவளே தொட்டுக் காட்டட்டும். பிறகு தலைகீழாகத் தொங்கிச் சிறகை அடித்துக்கொண்டு கூப்பிட்டான்.

"பாவாயீ! நீயே வந்து அளந்து சொல்லு புள்ள!"

அவள் வரவில்லை. அந்த அரைக்கூட்டை முடிக்க அவனுக்கு மனம் வரவில்லை, பிய்க்கவும் மனமில்லை. மண்ணிலிருந்து நெல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்து மட்டையில் இன்னொன்று தொடங்கினான். அதுவும் பாதியோடு நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. காற்று வீசினால் ஆளில்லாத அரைக்கூடுகள் நான்கும் ஒன்றாய் ஆடின.

ஐந்தாவது கூட்டில் மண் இன்னும் காயவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது. குறுக்குக் கயிறு திடீரென்று கொஞ்சம் தாழ்ந்தது.

பாவாயி உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், சிறகை விரித்து அகலம் பார்த்தாள். ஈரமண்ணில் பதிந்திருந்த நெல்லையும் கம்பையும் வெகுநேரம் பார்த்தாள்.

"அந்த நெல்லுதானே இது?"

"அதேதான்."

அவள் கீழே ஓடும் தண்ணீரை ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "குழல் அறுபது இருக்கட்டுங்க" என்றாள்.

மஞ்சான் நாரைத் தொடவில்லை. கட்டிப்போன குரலில் கேட்டான்: "எந்த அறுபது, பாவாயி?"

அவள் மூக்கை நீட்டி நெல்லைத் தொட்டாள்.

அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு நிறுத்தி, உள்ளே களிமண் அப்பி, பெண் வந்து உட்கார்ந்து பார்த்துச் சம்மதித்தால்தான் மீதியைக் கட்டுகிறது. மரத்தில் முடியாமல் தொங்கும் அரைக்கூடுகளைப் பார்த்தால் பிய்த்துவிடாதீர்கள். அவள் வருவாள் என்று அவன் காத்திருந்த நாட்கள் அவை.