இரண்டு அறைகளில் சொன்னது

இந்தப் புதிரில் நான்கு பேர் வருகிறார்கள். ஐந்தாவது ஆள் ஒருவர் வந்து காப்பாற்றுவார் என்று தேட வேண்டாம்.

கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. நாச்சிமுத்துவும் அமலதாஸும் இருபத்துமூன்று வருடம் அதில் பங்காளிகள். இரும்புக் கூடு கட்டுவது மூத்தவரான நாச்சிமுத்துவின் வேலை. தகடு, கண்ணாடி, இருக்கை எல்லாம் அமலதாஸின் வேலை.

ஒவ்வொரு பேருந்தும் வெளியே போகுமுன் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நாச்சிமுத்து வண்டியை ஓட்டுவார். அமலதாஸ் பின்னால் இருக்கைக்கு இருக்கை மாறி உட்கார்ந்து, எங்காவது கடகடவென்று சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். அவர் போதும் என்று சொன்ன பிறகுதான் வண்டி உரியவரிடம் போகும்.

ஒரு ஜூன் மாதம் அமலதாஸ் நான்கு நாள் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். அப்போது பட்டறையில் ஒரு பள்ளிப் பேருந்து தயாராக நின்றது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று பள்ளிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். நாச்சிமுத்து தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிட்டார். அந்தப் பேருந்தில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அமலதாஸுக்கு அதிகம் வலித்தது. தன் காது இல்லாமலும் வண்டி ஓடும் என்று ஊருக்குக் காட்டிவிட்டார் என்றார். நாச்சிமுத்துவோ, ஒரு வண்டிக்கு இவ்வளவு ரோஷமா, கல்யாணப் பந்தியில் இலை கிடைக்காதவன் மாதிரி முறுக்கிக்கொள்கிறானே என்று நாலு பேர் முன்னால் சிரித்துவிட்டார். மறுவாரம் பட்டறையைப் பிரிக்கச் சொல்லி அமலதாஸிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது.

கூட்டு ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் நீதிமன்றத்துக்கு முன் சமரசத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. எழுதியபோது இருவரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். அந்த வரிதான் அவர்களைச் சமரச மையத்துக்குக் கொண்டுவந்தது. சமரசம் செய்ய வந்தவர் கனகவல்லி. கெடு அறுபது நாள்.

மையத்தில் ஒரு விதி உண்டு. சமரசர் ஒவ்வொருவரோடும் தனி அறையில் பேசலாம். அங்கே ஒருவர் சொன்னதை அவருடைய சம்மதம் இல்லாமல் மற்றவரிடம் சொல்லக் கூடாது.

ஐந்தாவது அமர்வில், முதல் அறையில், நாச்சிமுத்து சொன்னார்: "இப்பவும் வண்டியை ஓட்டிப் பாக்கறேனுங்க அம்மிணி. பின்னால இருந்து 'அண்ணா, நிறுத்துங்க'ன்னு ஒரு குரல் வரும்னு காது அங்கியே இருக்குது. நான் பண்ணினது தப்புத்தானுங்க. ஆனா நான் போய்ச் சொல்லி அவன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்னா, அப்பறம் எனக்கு ஒண்ணும் மிச்சமில்லீங்க. நீங்களும் சொல்லாதீங்க."

அதே நாள், இரண்டாவது அறையில், அமலதாஸ் சொன்னார்: "அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே எல்லாத்தையும் விட்டுருவேன் மேடம். ஆனா நீங்க போய்ச் சொல்லி அவரு வந்து பேசினா, அது உங்க பேச்சு. எனக்கு அவரு பேச்சுதான் வேணும்."

கனகவல்லி இருவரிடமும் இரண்டு முறை சம்மதம் கேட்டார். இரண்டு முறையும் இருவரும் மறுத்தார்கள்.

ஐம்பத்தொன்பதாம் நாள் பிரிவினைப் பத்திரம் தயாரானது. நூற்று இருபது அடிப் பட்டறையில் அறுபதாவது அடியில் ஒரு சுவர். பக்கத்துக்கு ஒரு பேருந்து தாராளமாக நிற்கும். யாருக்கும் நஷ்டமில்லை.

மையத்தின் தலைவர் ரங்கபாஷ்யம் விஷயம் என்னவென்று கேட்டார். யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கனகவல்லி அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சேர்ந்துவிடுவார்கள், சொல்ல முடியவில்லை என்று மட்டும் சொன்னார். தலைவர் யோசிக்கவே இல்லை. "சொல்லிடுங்கம்மா. சேர்ந்த பிறகு வாக்கு என்னாச்சுன்னு யார் வந்து கேட்கப் போறா? அடுத்த வருஷம் சமரசமெல்லாம் கம்ப்யூட்டர் திரையிலேயே நடக்கும். இவ்வளவு தயங்க நேரமே இருக்காது."

கனகவல்லி மறுத்தார். அன்று மாலை தன் குறிப்புகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். அமர்வுகள் ஏழு. நாச்சிமுத்துவோடு தனியாக ஐந்து மணி நேரம். அமலதாஸோடு தனியாக ஐந்தே கால். வக்கீல்கள் சூழ மூவரும் சேர்ந்து நான்கு.

சொன்னால் வாக்கு போகும். சொல்லாவிட்டால் சுவர் எழும்பும். தலைவர் சொன்னது சரியா, கனகவல்லி மறுத்தது சரியா? மறுத்தது சரியென்றால், மிச்சமிருக்கும் ஒரு நாளில் அவர் செய்யக்கூடியது என்ன?

விடை: தலைவர் சொன்னது சரியல்ல. ஒருமுறை அந்த அறையிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போனால், அதன் பிறகு அந்த ஊரில் யாரும் அங்கே உண்மை பேச மாட்டார்கள். சமரசம் என்று பலகை மட்டும் தொங்கும். மறுத்தது சரி, ஆனால் அது பாதிதான். கனகவல்லியின் கணக்கில் விட்டுப்போனது ஒன்று உண்டு. அறுபது நாளில் அந்த இருவரும் மட்டும் தனியாக இருந்த நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. கடைசி நாள் அவர் வக்கீல்களை வெளியே அனுப்பினார். பத்திரத்தை மேசைமேல் வைத்து, "படிச்சுப் பாருங்க. நான் வெளியில இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். அதில் பொய் இல்லை. யாருடைய வார்த்தையும் இல்லை. இருபத்தைந்து நிமிடம் கழித்து நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. கதவைத் திறந்தபோது பத்திரம் கையெழுத்தாகாமல் கிடந்தது. இருவரும் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் இதைச் செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. யார் முதலில் நாற்காலியை நகர்த்தினார் என்று கனகவல்லி கேட்கவில்லை. அவருக்குக் கேட்க ஆசை இருந்தது.