கிணற்றை மூடிய குறிப்பேடு

நார்வேயின் கடலோர ஊர் ஒன்றில், ஊர்ச்சபைக்கு ஜெயித்த முதல் பெண், சலவைக்காரி குன்ஹில்டு. தலைவர் தூர்வால்டின் சிரிப்பை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை.

அன்று சபைக் கூட்டம் முடிந்ததும் அவர் கூட்டக் குறிப்பேட்டை நீட்டினார். அவள் தெருக் கிணற்றை மூட அவளே சம்மதித்ததாக அதில் இருந்தது.

“நான் வாயே திறக்கலையே ஐயா?”

“நீ தலையாட்டினதைப் பார்த்துத்தான் இப்போ இங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கையெழுத்துப் போடும்மா.”

கணப்பு மூட்டாத அறை. குன்ஹில்டு பேனாவை மைக்கூட்டில் விட்டாள், ‘டொக்’கென்றது. மைக்கூட்டை ஏட்டின் மேலேயே கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. குளிரில் மை உறைந்து கல்லாகியிருந்தது.

“போட்டுடறேன் ஐயா. நீங்க இப்போ எழுதின மை எங்கேன்னு மட்டும் காட்டுங்க.”

அது முன்னமே எழுதிக் கொண்டுவந்தது என்று புரிந்ததும், இன்னும் கலையாமல் நின்ற மற்ற உறுப்பினர்கள் தலைவர் கையாலேயே அந்தத் தாளைக் கிழிக்க வைத்தார்கள். கிணறு தப்பியது. கிழித்த தாளையும் குன்ஹில்டு விடாமல் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.