தவளைக்குள்ள வெளக்குமாத்துக் குச்சி

நான் தின்ன சோத்து மேல சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு சொல்லு பொய் கெடையாது.

காலேஜ் லேப் கூட்டுற செல்லக்கிளியப் புள்ளைங்க முன்னாடி நிக்க வெச்சாரு தாமோதரன் சாரு. அவரு கையில தவளை எலும்புக்கூடு.

"முதுகெலும்பு துண்டு துண்டா வருது, கடைசியில மட்டும் ஏன் நீளமா ஒத்தக் குச்சி? வாலெலும்ப ஒடச்சிட்டு வெளக்குமாத்துக் குச்சிய ஒட்டிட்ட! எலும்பக் கொண்டா, இல்ல வேலய விட்டுப் போ!"

புள்ளைங்க சிரிச்சதுல செல்லக்கிளிக்கு மூஞ்சிய எங்க வெக்கிறதுன்னே தெரியல. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுச் சொன்னா:

"தப்புதாங்க சார். கொளத்துத் தவளைக்கெல்லாங்கூட நாந்தான் ஒட்டுனேன். புள்ளைங்க அறுக்க ஒண்ணு செத்துக் கெடக்கே, பாருங்களேன்."

சாரு வெடுக்குனு அறுத்தாரு. உள்ள அதே குச்சி!

"தோலு கிழியாம எப்படி சார் ஒட்டுனேன்?"

முன் பெஞ்சுப் பொண்ணு புத்தகத்தப் பாத்துட்டு, "வாலெலும்பெல்லாம் ஒண்ணாச் சேந்துதான் இந்தக் குச்சியாம் சார்"னு முணுமுணுத்துச்சு.

சிரிச்ச புள்ளைங்க தலை தொங்கிப்போச்சு. சாரு தன் செருப்பப் பாத்துக்கிட்டே, "நீ... வேலயப் பாரும்மா"ன்னாரு.

சரி, ஓசியில கேட்டுட்டு நழுவாதீங்க. டீயும் பஜ்ஜியும் வரல, உங்க முதுகுலயும் ஒரு குச்சி ஒட்டச் சொல்லிருவேன் செல்லக்கிளிகிட்ட!